இலவச காது மெஷினா, காசு கொடுத்து வாங்குவதா? மும்பையில் அப்பாவுக்காகக் கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். அப்பாவுக்கு 66 வயது, தாராவி தோல் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், இப்போது அவர் வைக்கிற டிவி சத்தம் மாடி வீட்டுக்கும் கேட்கிறது. மாட்டுங்கா பக்கம் ஒரு கடையில் சோதித்துவிட்டு ஜோடி 1,40,000 ரூபாய் என்றார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் அந்த விலை. மாமா "கவர்மென்ட் சும்மா குடுக்கும்போது எதுக்குடா காசைக் கரைக்கிற" என்கிறார். கடைக்காரர் "இலவச மெஷின்ல வெறும் இரைச்சல்தான் சார் வரும்" என்கிறார்.

நான் டாக்டர் இல்லை. லோயர் பரேலில் அச்சகத்தில் மெஷின் ஓட்டி, நாற்பது வயதிலேயே காதைக் கெடுத்துக்கொண்டவன். 22 வருஷமாக இரண்டு காதிலும் மாட்டியிருக்கிறேன், அதில் ஒன்று இலவசமாக வந்தது, மற்றதெல்லாம் காசு. சயான் கோலிவாடாவிலிருந்தும் தாராவியிலிருந்தும் எத்தனையோ பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பாந்த்ராவில் இருக்கிற அரசு காது நிறுவனத்துக்கு அலைந்திருக்கிறேன், ஆகவே கவுன்ட்டருக்கு இரண்டு பக்கமும் என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1,40,000 கொடுக்காதீர்கள். அதற்காக மாமா சொல்வதுபோல எங்கோ ஒரு முகாமில் வரிசையில் நின்று வாங்கிவந்து அப்பா காதில் செருகிவிடவும் வேண்டாம். எந்த மெஷினாக இருந்தாலும் மாட்டிய அடுத்த ஆறு மாதத்துக்கு அதை கம்ப்யூட்டரோடு இணைத்து, "இப்ப எப்படி இருக்கு அய்யா" என்று கேட்டுக் கேட்டுத் திருத்தித் தரும் ஆள் யார், அவர் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், இதைப் பார்த்துதான் நான் முடிவு செய்வேன். இலவசமாகவும் அப்படி ஆள் கிடைப்பதுண்டு, லட்ச ரூபாய் கொடுத்தும் கிடைக்காமல் போவதுண்டு.

அந்தக் கடையில் கொடுத்த ஆடியோகிராமை, அதாவது காதுச் சோதனை வரைபடத்தை, கையில் எடுங்கள். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. இடமிருந்து வலமாகப் போகப் போக கீச்சென்ற ஒலிகள், மேலிருந்து கீழே போகப் போகக் காது மோசம் என்று அர்த்தம். நீங்கள் சொன்ன எண்களின்படி வலது காதில் 500 ஹெர்ட்ஸ் ஒலியில் 35 டெசிபல், 1000-ல் 45, 2000-ல் 58, 4000-ல் 75. சராசரி 53 டெசிபல். இடது காது 59. அதாவது தாழ்ந்த ஒலி பரவாயில்லாமல் கேட்கிறது, உயர்ந்த ஒலி சரிவில் உருண்டு விழுந்துவிட்டது. வயதானவர்களுக்கும் சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் பெரும்பாலும் இதுதான் கதை. "கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியல" என்று அப்பா சொல்வார் பாருங்கள், அது இதனால்தான். உயிரெழுத்தெல்லாம் தாழ்ந்த பக்கத்தில் இருப்பதால் காதில் விழுந்துவிடும், மெய்யெழுத்து விழாது. கடை, படை, சடை மூன்றும் அவருக்கு ஒரே அடைதான்.

இந்தச் சரிவுக்கும் உங்கள் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஏனென்று சொல்கிறேன்.

இலவசம் என்றால் எந்த இலவசம் என்று முதலில் பார்க்க வேண்டும். மத்திய அரசின் ஏடிஐபி திட்டம் 1981-லிருந்து நடக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கானது. அதற்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் வேண்டும், இப்போது யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. மாத வருமானம் 22,500-க்குள் இருந்தால் முழு இலவசம், அதற்கு மேல் 30,000 வரை பாதி விலை. ஒருமுறை வாங்கினால் அதே உதவிக்கு மூன்று வருஷம் திரும்பப் போக முடியாது, லோக்கல் ட்ரெயின் கூட்டத்தில் தொலைத்துவிட்டால் தொலைத்ததுதான். இதில் பல பேருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. 2016-ஆம் வருஷச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால்தான் 'கேட்கும் திறன் குறைந்தவர்', 70-க்கு மேல் 'காது கேளாதவர்'. உங்கள் அப்பாவுக்கு 53, 59. சான்றிதழில் 40 சதவீதம் பெரும்பாலும் வராது. வீட்டில் எல்லோரும் தொண்டை கிழியக் கத்துகிற நிலைமை, ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது! இதைச் சொல்லாமலே மனுஷர்களை மூன்று மாதம் மருத்துவமனைக்கு அலைய விட்டுவிடுகிறார்கள்.

அவருக்குப் பொருந்துவது வயோஸ்ரீ. ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா 2017-ல் தொடங்கியது, 60 வயது தாண்டியவர்களுக்கு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் அல்லது மாத வருமானம் 15,000-க்குள் இருக்க வேண்டும். குறைபாட்டுச் சான்றிதழ் தேவையில்லை, வயதினால் வந்த குறை போதும். கான்பூரில் இருக்கிற ஆலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் இதை நடத்துகிறது. ஒரு நாள் முகாம் போட்டு அளவெடுப்பார்கள், பொருள் கொடுப்பது பிறகு இன்னொரு நாள். இதே பெயரில் மகாராஷ்டிர அரசு 2024-ல் முக்கியமந்திரி வயோஸ்ரீ என்று ஒன்று கொண்டுவந்தது, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 65 வயதுக்கு மேல், வருஷ வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால் வங்கிக் கணக்கில் ஒரே முறை 3,000 ரூபாய் வரும். 3,000-க்கு உருப்படியான காது மெஷின் வராது. பேட்டரிக்கு ஆகும், விண்ணப்பித்து வையுங்கள். வீட்டில் யாராவது ரயில்வே, மத்திய அரசு பென்ஷன்தாரர் என்றால் அது தனி வழி: அப்பா அவருடைய மருத்துவ அட்டையில் சார்ந்தவராக இருக்கிறாரா என்று பாருங்கள், இருந்தால் வாங்குவதற்கு முன்பே அனுமதி எழுதி வாங்குங்கள், வாங்கிவிட்டு பில்லோடு போய் நின்றால் இழுத்தடிப்பார்கள்.

சரி, அந்த இலவச மெஷின் எப்படி இருக்கும்? கடைக்காரர் சொல்வது பழைய காலத்துக் கதை. சட்டைப் பையில் டப்பா, அதிலிருந்து காதுக்கு வயர், நம் ஆட்கள் 'ரேடியோ மெஷின்' என்று கிண்டல் செய்வார்களே, அது. இப்போது தருவது காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் மெஷின், சத்தத்தை வெறுமனே பெருக்காமல் அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைக்கத் தெரிந்தது. பலமும் அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், இழப்பு 80 டெசிபல், ஆறு வருஷமாக இலவச மெஷினோடுதான் இருக்கிறார், அவருக்குக் கடை மெஷினை மாட்டினால் பலவீனமாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார். இழப்பு அதிகமாகவும் எல்லா ஒலியிலும் ஒரே சீராகவும் இருந்தால் இலவச மெஷினை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

உங்கள் அப்பாவுக்கு அது சரிவாக இருக்கிறதே. அந்த பலமான மெஷினைக் காதை முழுக்க அடைக்கும் மோல்டோடு (காதுக்கு அச்செடுத்துச் செய்கிற அடைப்பு) மாட்டினால், ஏற்கெனவே கேட்கிற தாழ்ந்த ஒலி உள்ளேயே மாட்டிக்கொண்டு, தன் குரலே குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல கும்மென்று கேட்கும், அப்பளம் கடித்தால் இடி இடிக்கும். இரண்டு நாள் போட்டுவிட்டு பீரோவில் வைத்துவிடுவார். "இலவச மெஷின் இரைச்சல்" என்ற பெயர் பாதி இப்படி வந்ததுதான். மோல்டில் காற்றுத் துளை போட்டு, தாழ்ந்த ஒலிக்கான பெருக்கத்தைக் குறைத்தால் பெருமளவு சரியாகும், ஆனால் முகாமில் அரை நாளில் இருநூறு பேருக்குக் கொடுக்கும்போது அதை யார் செய்வது?

அதனால் முகாமுக்குப் போகிறீர்களோ இல்லையோ, பாந்த்ரா ரெக்ளமேஷனில் இருக்கிற அலி யாவர் ஜங் நிறுவனத்துக்குப் போங்கள். 1983-ல் மத்திய அரசு தொடங்கியது, பேச்சுக்கும் காதுக்கும் என்றே நாட்டில் இருக்கிற தேசிய நிறுவனம், நம் தாராவிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நம் ஆட்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. பாந்த்ரா ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். விற்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் எடுக்கிற ஆடியோகிராம் ஒன்று கையில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஆடியாலஜி (கேட்கும் திறனைச் சோதிக்கிற படிப்பு) மாணவர்கள் படிக்கிற இடம், அதனால் ஒரு சோதனைக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகும், சலித்துக்கொள்ள வேண்டாம், அவசரப்படாத சோதனைதான் நமக்கு வேண்டும். காலையில் சீக்கிரம் போங்கள். ஆதார், ரேஷன் கார்டு, தாசில்தார் ஆபீஸ் வருமானச் சான்றிதழ் (இங்கே உத்பன்ன தாக்லா என்று கேட்பார்கள்), இரண்டு போட்டோ, எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ்.

அங்கே போகும்போது நீங்களோ அம்மாவோ கட்டாயம் கூட இருங்கள். டொய்ங், டொய்ங் என்று வரும் ஒலிக்குக் கை தூக்குகிற சோதனைக்கு மொழி வேண்டாம். அடுத்து வார்த்தைகளைச் சொல்லி 'திருப்பிச் சொல்லுங்க' என்பார்கள், அது பெரும்பாலும் ஹிந்தியிலோ மராத்தியிலோ இருக்கும். உங்கள் அப்பாவின் ஹிந்தி பட்டறை ஹிந்தி. வார்த்தை தெரியாமல் தவறு செய்வார், அதைக் காதின் குறை என்று எழுதிவிடுவார்கள். நான் கூட்டிப்போன ஒரு பாட்டிக்கு இப்படி நூற்றுக்கு முப்பது மார்க் வந்தது. தமிழ் தெரிந்த மாணவி ஒருத்தி வந்து 'பல்லு, கல்லு, வீடு, மாடு' என்று சொல்லச் சொல்ல பாட்டி எழுபது வாங்கினாள். தமிழில் வார்த்தைப் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

மோல்டுக்கு அச்சு எடுப்பதையும் கவனியுங்கள். நூல் கட்டிய சின்னப் பஞ்சு ஒன்றை முதலில் காதுக்குள் தள்ளுவார்கள், அச்செடுக்கும் களிம்பு செவிப்பறைவரை போய்விடாமல் தடுக்க. பிறகு அந்த ரோஸ் நிறக் களிம்பை சிரிஞ்சால் நிரப்பி ஐந்து நிமிஷம் விடுவார்கள். அந்த நேரத்தில் அப்பா பேசக் கூடாது. எடுத்தபின் அதில் காதின் வளைவெல்லாம் முழுதாக, ஓட்டை இல்லாமல் விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். மோல்டு லூஸாக இருந்தால் எந்தக் கம்பெனி மெஷினும் கீ... என்று விசில் அடிக்கும்.

இப்போது கடைக்கு வருவோம். ஃபோனாக், சிக்னியா, ஓட்டிகான், ரீசவுண்ட், வைடெக்ஸ், ஸ்டார்கி எல்லாமே நல்ல கம்பெனிகள்தான், பிராண்டுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். விலை எங்கே ஏறுகிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே மாடல் நான்கு படியில் வரும். ஃபோனாக் என்றால் 30, 50, 70, 90 என்று நம்பர் போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் சிப் அநேகமாக ஒன்றுதான், மேல்படியில் கூடுதல் வசதிகளை மென்பொருளில் திறந்துவிடுகிறார்கள். அந்த வசதிகளால் நிஜ வாழ்க்கையில் எவ்வளவு லாபம் என்று அமெரிக்காவில் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் என்பவரின் குழு பார்த்தது, 2014-ல் வெளியிட்டார்கள். 25 வயதானவர்கள், இரண்டு கம்பெனிகளின் அடிப்படை மாடலும் உயர்ந்த மாடலுமாக நான்கு ஜோடி, ஒவ்வொன்றையும் ஒரு மாதம், எது எது என்று சொல்லாமலே மாட்டிவிட்டார்கள். எல்லா மெஷினுமே நன்றாக உதவியது. விலை உயர்ந்ததற்கும் குறைந்ததற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்று, எல்லாவற்றையும் கவனமாகப் பொருத்தியிருந்தார்கள். தினமும் மீட்டிங், ஓட்டல், கல்யாண மண்டபம் என்று திரிகிறவர் மேல்படிக்குக் காசு போடட்டும். அப்பாவின் நாள் வீடு, டிவி, கோயில், டீக்கடை. அவருக்கு முதல் படி அல்லது இரண்டாம் படி, ஜோடி சுமார் 40,000-லிருந்து 60,000-க்குள் முடிய வேண்டும். காது மெஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் வரி என்று தனியாகப் போட்டால் கேளுங்கள்.

என் கதை ஒன்று. நான் முதலில் காசு கொடுத்து வாங்கியது ஒரு கடையில், கம்பெனி பெயரே கேள்விப்படாதது, 'எங்களுக்காகவே தயாரிக்கிறார்கள்' என்றார்கள். நன்றாகத்தான் கேட்டது. ஒன்றரை வருஷத்தில் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். வேறு எங்கே கொண்டுபோனாலும், மென்பொருளில் பூட்டு இருக்கிறது, எங்களால் திறக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மெஷின் நல்லாவே இருக்கிறது, என் காது இன்னும் கொஞ்சம் கெட்டுவிட்டது, அதற்கேற்ப மாற்ற வழியில்லை. 38,000 ரூபாய் மேசை டிராயரில் கிடக்கிறது. ஆகவே "வேறு ஊரில், வேறு கடையில் இதைத் திருத்த முடியுமா" என்பதைக் கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். பத்து நாளாவது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கத் தருகிறார்களா, பிடிக்காவிட்டால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், அதுவும் எழுத்தில். அப்புறம் ஒரே ஒரு கேள்வி, 'ரியல் இயர் மெஷர்மென்ட் செய்வீங்களா?' நூல் மாதிரி மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு, அதோடு மெஷினையும் மாட்டி, உள்ளே உண்மையில் எவ்வளவு ஒலி போகிறது என்று அளப்பது அது. இதைக் கேட்டவுடன் முழிக்கிற கடையில் 1,40,000 கொடுக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எந்த வடிவம்? காதுக்குள் ஸ்பீக்கர் போகிற ஆர்ஐசி மாடலைத்தான் எல்லாக் கடையிலும் தள்ளுவார்கள், பார்க்க அழகு. ஆனால் உங்கள் அப்பா தினம் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர், ஜலதோஷம் என்றால் காதில் சுட எண்ணெய் விடுகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காதுக்குள் எண்ணெய் விடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்தினாலும் தலை எண்ணெயும் அழுக்கும் அந்தக் குட்டி ஸ்பீக்கரை அடைத்துவிடும், ஒவ்வொரு தடவையும் ஆயிரங்களில் செலவு. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின், காற்றுத் துளை வைத்த மோல்டு, அதுதான் நான் சொல்வேன். குழாய் அடைத்தால் கழற்றிக் கழுவலாம், ஆறு மாதத்தில் குழாய் மஞ்சளாகி விறைத்துப் போனால் சொற்பக் காசில் மாற்றிவிடலாம்.

பேட்டரி 13 நம்பர், ஆரஞ்சு ஸ்டிக்கர். ஸ்டிக்கரைப் பிரித்ததும் உள்ளே போடாதீர்கள், ஒரு நிமிஷம் காற்றில் வையுங்கள், அது காற்றை இழுத்துத்தான் வேலை செய்யும். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. எனக்கு ஒன்று எட்டு, பத்து நாள் வருகிறது. ஜூன் வந்துவிட்டால் நம் ஊர் ஈரம் மெஷினைத் தின்றுவிடும், ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு மூடுங்கள். இது இலவசத்துக்கும் பொருந்தும், லட்சத்துக்கும் பொருந்தும்.

மாட்டிய முதல் வாரம் மின்விசிறி, பேப்பர் சரசரப்பு, குக்கர் விசில் எல்லாம் அவருக்கு எரிச்சலாக இருக்கும். மூளை அந்த ஒலிகளை மறந்து வருஷக்கணக்கு ஆயிற்று. முதலில் வீட்டுக்குள் இரண்டு மணி நேரம், பிறகு நான்கு, ஒரு மாதத்தில் நாள் முழுக்க. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆறடி தள்ளி நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அவர் திருப்பிச் சொல்லட்டும். ஆடியாலஜிஸ்டுகளே செய்கிற சோதனைதான். ஸ் மட்டும் விழவில்லை என்றால் அதைக் குறித்துக்கொண்டுபோய் அப்படியே சொல்லுங்கள். 'சரியா கேக்கல' என்று மட்டும் சொன்னால் அவர்கள் மொத்தமாக வால்யூமைக் கூட்டி அனுப்பிவிடுவார்கள்.

ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு வருவது காது மெஷின் இல்லை, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பெருக்குகிற கருவி. சரிவு உள்ள காதுக்கு அது கேடு. இன்னொன்று, ஒரு காது திடீரென்று ஒரே நாளில் அடைத்தது, சீழ் வருகிறது, ஒரு பக்கம் மட்டும் இரைகிறது என்றால் மெஷின் பேச்சே வேண்டாம், அன்றைக்கே சயான் ஆஸ்பத்திரியிலோ கேஇஎம்மிலோ ஈஎன்டி டாக்டரைப் பாருங்கள். திடீர் இழப்புக்கு முதல் சில நாளில் மருந்து எடுத்தால்தான் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

ஆகவே இந்த வாரம் பாந்த்ரா. வயோஸ்ரீக்குத் தகுதி இருந்தால் எழுதிப் போடுங்கள், வந்த மெஷினை அதே பாந்த்ராவுக்கு எடுத்துப்போய் மோல்டும் ஒலியும் சரிசெய்து தரமுடியுமா என்று கேட்டு, மூன்று மாதம் போட்டுப் பார்க்கட்டும். தகுதி இல்லை, அல்லது குடத்துக்குள் பேசுகிற மாதிரியே இருக்கிறது என்றால் அந்த ஆடியோகிராமோடு இரண்டு கடை ஏறி இறங்கி, முதல் படி மெஷினுக்கு விலை கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆஃபர் போய்விடுமே என்று கவலைப்படாதீர்கள். போன வருஷம் என் மச்சினனுக்கும் ஞாயிற்றுக்கிழமையோடுதான் முடிந்தது, அவன் புதன்கிழமை போனபோது இன்னும் பத்தாயிரம் குறைத்துக் கொடுத்தார்கள்.